மலை ஏறுது, சமதளத்துல நிக்குது: ஒரு அம்பாசடரின் இக்னிஷன் வயரிங் பாடம்

EEE படிக்கிற எல்லாருக்கும் வீட்டில் ஒரு நாள் இந்தக் கேள்வி வரும்: "நீ கரண்ட் படிப்புதானே? இதைக் கொஞ்சம் பாரேன்." மிக்ஸி, மோட்டார், இன்வெர்ட்டர்னு வந்தால் சமாளிச்சிடலாம். எனக்கு வந்தது ஒரு கார்.

எங்க ஊர் திருத்தணி. மாமாவிடம் ஒரு அம்பாசடர் மார்க் 4 இருக்கு, பெட்ரோல் வண்டி. கல்யாணம், கோயில், திருப்பதி ட்ரிப்னு இன்னும் ஓட்டுகிறார். போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு மூணு வாரம் முன்னாடி அது நடுரோட்டில் நிற்க ஆரம்பித்தது. ஒரு ராத்திரி திருப்பதியிலிருந்து திரும்பும்போது நகரி தாண்டி ஆள் உள்ளே இருக்கும்போதே நின்றுவிட்டது. பின்னாலேயே லாரி. டிரைவர் ஒடித்துத் திருப்பியதால் தப்பித்தோம். வண்டியில் பாட்டியும் இருந்தாங்க. மறுநாள் காலை மாமா சொன்னது: "கிருத்திகைக்குள்ள சரியாகலன்னா எடைக்குப் போட்டுடுறேன்டா."

அதற்குள் மூணு இடத்தில் காட்டியாச்சு. காயில் புதுசு, கண்டென்சர் புதுசு, சி.பி. பாயிண்ட் புதுசு, ப்ளக் புதுசு, ப்ளக் வயர் புதுசு. வண்டி மட்டும் பழையபடி நின்றது. நான் மல்டிமீட்டரை எடுத்துக்கிட்டுப் போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன். எல்லாமே சரியா இருந்தது! அங்கேதான் நான் கற்றுக்கொண்ட பாடம் ஆரம்பிக்குது. அதை முறையா எழுதுகிறேன். பழைய கார், பழைய ஜீப், பழைய பெட்ரோல் வேன் எது கிடைத்தாலும் இது உதவும்.

முதலில் சர்க்யூட்டைப் புரிஞ்சுக்கலாம்

அம்பாசடர் மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் 1958 முதல் 2014 வரை தயாரான வண்டி. மாமா வண்டியில் இருப்பது 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் டிசைன். அதனால் அதன் எலக்ட்ரிகல் முறையும் லூகாஸ் முறைதான். 1961-ல் தொடங்கிய நம்ம சென்னை பாடி லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனியின் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் நிறைய இருக்கும். இதில் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்க இன்ஜினியர் 1910 வாக்கில் காடிலாக் காருக்குக் கொண்டுவந்த அதே ஐடியா.

பாதை இப்படிப் போகும். பேட்டரி, இக்னிஷன் ஸ்விட்ச், காயிலின் பிரைமரி, அங்கிருந்து ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டருக்கு, உள்ளே ஒரு சின்ன வயர் வழியா சி.பி. பாயிண்ட், அங்கிருந்து எர்த். அவ்வளவுதான் லோ டென்ஷன் பக்கம். பாயிண்ட் மூடியிருக்கும்போது பிரைமரியில் கரண்ட் ஏறும். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே சுற்றுகிற கேம் பாயிண்டைத் திறந்ததும் கரண்ட் திடீரென்று அறுபடும். நாம் பேப்பரில் எழுதுகிற V = L di/dt இங்கே நிஜமா நடக்குது. பிரைமரியில் சில நூறு வோல்ட் எழும்பும். செகண்டரியில் சுற்றுகள் பல மடங்கு அதிகம் என்பதால் அது ஆயிரக்கணக்கான வோல்ட்டாகி ரோட்டார், கேப், ப்ளக் வயர் வழியா ப்ளக்கில் பொறியாகும். பாயிண்டுக்கு இணையா இருக்கிற கண்டென்சர், சுமார் 0.2 மைக்ரோ ஃபாரட், பாயிண்டில் தீப்பொறி எழாமல் பார்த்துக்கொள்ளும். அது செத்தால் பாயிண்ட் கருகும், ப்ளக்கில் பொறி பலவீனமாகும்.

வேகத்தைக் கணக்குப் போடுங்க. நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். ஒரு சுற்றுக்கு 2 பொறி. 3000 ஆர்.பி.எம். என்றால் நிமிஷத்துக்கு 6000, நொடிக்கு 100 பொறி. ஒவ்வொரு பொறிக்கும் 10 மில்லி செகண்ட். அதில் பாயிண்ட் மூடியிருக்கிற நேரம் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அந்த ஆறு, ஏழு மில்லி செகண்டுக்குள் காயில் நிரம்பணும். ஒரு வயர் அரை நொடி விட்டுப் போனால் ஐம்பது பொறி போச்சு.

லூகாஸ் வயர் நிற முறை தெரிஞ்சால் பாதி வேலை சுலபம். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் கரண்ட் வருகிற வயர். வெள்ளை என்றால் ஸ்விட்ச் போட்டால் வருகிற, ஃப்யூஸ் இல்லாத இக்னிஷன் வயர். வெள்ளையில் கறுப்புக் கோடு என்றால் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறது. பச்சை, ஸ்விட்சுக்குப் பிறகு ஃப்யூஸ் வழியா வருவது. கறுப்பு, எர்த். ஆனால் ஒரு எச்சரிக்கை: நாற்பது வருஷத்தில் எத்தனையோ கை பட்டிருக்கும். மாமா வண்டியில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் பாதி தூரம் சிவப்பு வயர், நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட். நிறத்தை நம்பி ஆரம்பிக்கலாம், நிறத்தை வைத்து முடிவு பண்ணக் கூடாது.

இன்னொன்று. 1950-களில் வந்த பல பிரிட்டிஷ் கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கும். மீட்டர் வைப்பதற்கு முன்னாடி எந்த முனை எர்த் என்று பாருங்க. இந்தக் கட்டுரையில் நெகட்டிவ் எர்த் என்று வைத்தே எழுதுகிறேன்.

கை வைப்பதற்கு முன்

ஹை டென்ஷன் வயரைக் கையால் பிடிக்காதீங்க. உயிர் போகாவிட்டாலும் உதறுகிற உதறில் கை ஃபேனில் போய் மாட்டும். துப்பட்டா, லுங்கி, ஐ.டி. கார்டு கயிறு எல்லாம் ஃபேன் பெல்ட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும். பெட்ரோல் கசிவு இருந்தால் பொறி சோதனையே வேண்டாம். பாயிண்ட் மூடின நிலையில் இன்ஜின் ஓடாமல் இக்னிஷனை ரொம்ப நேரம் ஆன் பண்ணி வைக்காதீங்க, காயில் சூடாகும். வெள்ளை வயருக்கு ஃப்யூஸ் கிடையாது என்பதால் அது எங்கேயாவது பாடியில் உரசினால் புகைதான் வரும். நேரடி வயர் கொடுத்துச் சோதிக்கும்போது நடுவில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போட்டுக்கொள்வது நல்லது.

நின்ற வண்டிக்கு வரிசையான சோதனை

ஓடவே ஓடாத வண்டிக்கு வரிசை சுலபம். தேவையானது ஒரு மீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு கட்டிங் பிளேயர், ஃபீலர் கேஜ்.

முதல் கேள்வி: பெட்ரோலா, பொறியா? கேப்பின் நடுவில் வரும் தடித்த வயரைக் கழற்றி, இன்ஜின் உலோகத்திலிருந்து 6 மில்லி மீட்டர் தள்ளி, இன்சுலேட்டட் பிளேயரால் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. நீலமா, சத்தத்தோட பொறி வந்தால் காயில் வரைக்கும் சரி. கோளாறு ரோட்டார், கேப், ப்ளக் வயர், ப்ளக், இல்லை பெட்ரோல் பக்கம். மஞ்சளாப் பலவீனமா வந்தாலோ, வரவே இல்லையென்றாலோ லோ டென்ஷன் பக்கம்.

இரண்டாவது, காயிலின் இரண்டு சின்ன முனைகள். பழைய காயிலில் SW, CB என்று எழுதியிருக்கும். SW ஸ்விட்சிலிருந்து வருவது, CB பாயிண்டுக்குப் போவது. புதுக் காயிலில் பிளஸ், மைனஸ். கேப்பைக் கழற்றி, வண்டியை டாப் கியரில் போட்டு லேசா முன்னால் தள்ளினால் கேம் சுற்றும். பாயிண்ட் மூடுவதும் திறப்பதும் கண்ணுக்குத் தெரியும். முழுசாத் திறந்த இடத்தில் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.4 மில்லி மீட்டர் இருக்கணும்.

இப்போ இக்னிஷன் ஆன், பாயிண்ட் மூடின நிலை. மீட்டரின் கறுப்பு முனை எர்த்தில். SW-இல் பேட்டரி வோல்டேஜுக்குப் பக்கத்தில் வரணும். CB-இல் ஏறக்குறைய பூஜ்யம் வரணும், 0.2 வோல்ட்டுக்குள். அடுத்து பாயிண்டைத் திறங்க. CB-இல் 12 வோல்ட் வரணும்.

இந்த மூன்று எண்களிலேயே நிறைய விஷயம் தெரிஞ்சிடும்.

SW-இல் ஒன்றுமே இல்லையா? கோளாறு பேட்டரிக்கும் காயிலுக்கும் நடுவில். ஸ்விட்ச், ஜாயிண்ட், வெள்ளை வயர்.

பாயிண்ட் மூடியும் CB-இல் 12 வோல்ட் நிற்கிறதா? காயிலுக்கு அப்புறம் பாதை அறுந்திருக்கு. அழுக்குப் பாயிண்ட், உள் வயர், எர்த் இவற்றில் ஒன்று.

பாயிண்ட் திறந்தும் CB-இல் பூஜ்யமா? CB-இல் இருந்து டிஸ்ட்ரிபியூட்டர் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கணும். இப்போ 12 வந்தால் காயில் நல்லது, டிஸ்ட்ரிபியூட்டரில் எங்கேயோ எர்த் ஆகுது. புதுப் பாயிண்ட் மாட்டும்போது அந்தச் சின்ன இன்சுலேஷன் வாஷரை மாற்றிப் போட்டால் இதுதான் நடக்கும். கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆனாலும் இதே ரீடிங்தான். கழற்றியும் பூஜ்யம் என்றால் காயில் பிரைமரி அறுந்திருக்கு.

மூன்றாவது, வயர்களைக் கழற்றிவிட்டு காயிலின் ஓம் பாருங்க. சாதாரண 12 வோல்ட் காயிலில் பிரைமரி 3 ஓமுக்குச் சற்று மேலே, செகண்டரி சில ஆயிரம் ஓம். பிரைமரி 1.5 ஓம் பக்கம் காட்டினால் அது தனியா ஒரு பலாஸ்ட் ரெசிஸ்டன்ஸோட ஓட வேண்டிய காயில். அதை நேராகப் பழைய வண்டியில் மாட்டினால் காயிலும் சூடாகும், பாயிண்டும் கருகும். கடையில் கேட்டு வாங்கும்போது இதைக் கவனிங்க.

மீட்டர் சொல்லும் 12 வோல்ட் பொய்

நம்ம லேப்பில் யாரும் அழுத்திச் சொல்லாத விஷயம் இது. டிஜிட்டல் மீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 10 மெகா ஓம். அது இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லாத அளவு. பத்து இழை அறுந்து ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருக்கிற வயரிலும் அது 12 வோல்ட்தான் காட்டும். கன்டின்யூட்டி பஸ்ஸர் இன்னும் மோசம். இருபது, முப்பது ஓம் இருந்தாலும் பல மீட்டர்களில் "பீப்" அடிச்சிடும்.

இக்னிஷனுக்கு 1 ஓமே பெரிய விஷயம். பிரைமரி 3.3 ஓம் என்றால் 12 வோல்ட்டில் 3.6 ஆம்பியர் வரை ஏறலாம். நடுவில் துருப்பிடித்த ஜாயிண்டால் 1 ஓம் சேர்ந்தால் 4.3 ஓம், கரண்ட் 2.8 ஆம்பியர். காயிலில் சேரும் சக்தி கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப என்பதால் 40 சதவீதம் போச்சு. பஸ்ஸர் அடிக்கும், லைட் எரியும், ஆனா காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

அதனால் ஓம் பார்ப்பதற்குப் பதில் கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் ட்ராப் பாருங்க. இக்னிஷன் ஆன், பாயிண்ட் மூடின நிலை. மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், இன்னொரு முனை காயிலின் SW-இல். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் இடையில் யாரோ திருடுகிறார்கள். மீட்டர் முனையை ஒவ்வொரு ஜாயிண்டாக நகர்த்திக்கொண்டே போங்க. எந்த இடத்தைத் தாண்டும்போது எண் குதிக்குதோ அதுதான் திருடன். இதே மாதிரி CB-இலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கும் பாருங்க. எர்த் ஸ்ட்ராப் துரு எத்தனை பேரைக் காயில் மாற்ற வைத்திருக்கோ தெரியாது.

இதெல்லாம் நான் மாமா வண்டியில் பார்த்தேன். டேப் சுற்றிய அந்த ஜாயிண்டில் 0.8 வோல்ட் ட்ராப். வெட்டி, சுரண்டி, சால்டர் பண்ணி, ஸ்லீவ் போட்டேன். 0.1-க்கு வந்தது. பெருமையா "முடிஞ்சது மாமா"ன்னு சொன்னேன். அன்று மாலையே அரக்கோணம் ரோட்டில் நின்றது.

ஓட்டுகிறவர் சொன்னதைக் கேட்காத தப்பு

நேரா ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஷெட்டுக்குப் போனோம். அறுபது வயசு இருக்கும் அவருக்கு. 1960 வரைக்கும் ஆந்திராவோடு இருந்த ஊர் இது. அதனால் எங்க ஊர் ஷெட்டில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. நான் எடுத்த ரீடிங் எல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"இதெல்லாம் எப்ப எடுத்தே பாபு? வண்டி ஓடும்போதா, நிக்கும்போதா?"

"நிக்கும்போதுதான்ணா. வீட்டு வாசல்ல."

"வீட்டு வாசல்ல அது எப்பவாவது கோளாறு பண்ணுச்சா?"

பதில் இல்லை. நல்லா இருக்கிற நேரத்தில் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று எழுதியிருக்கேன்! அதன் பிறகு அவர் மாமா பக்கம் திரும்பி, எப்போ நிக்குது, எப்போ நிக்கல என்று வரிசையாகக் கேட்டார். மாமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"செல்ஃப் அடிச்சா டக்குனு ஸ்டார்ட் ஆகுது. ஐடிலிங்ல மணிக்கணக்கா நிக்கும். மலைக்கு ஆள் ஏத்திக்கிட்டு நாலு தடவை போனேன், ஒரு பிரச்சினையும் இல்ல. இறங்கும்போதும் இல்ல. அரக்கோணம் ரோட்டுல, நகரி ரோட்டுல நாப்பது, அம்பதுல சும்மா போயிட்டிருக்கும்போதுதான் வெட்டி வெட்டி இழுக்கும். காலை எடுத்துட்டு மறுபடி மிதிச்சா சில நேரம் பிடிச்சுக்கும், சில நேரம் நின்னுடும்."

வீட்டில் இதை ஏற்கெனவே கேலியா பேசியிருக்கோம். "முருகன் மேல கூப்பிடுறான், கீழ விடமாட்டேங்கிறான்" என்று அத்தை சிரிப்பாங்க. நான் அதை ஜோக்காகவே விட்டுட்டேன். கோயிலுக்குப் படி 365, அதற்குப் பக்கத்தில் வண்டி ஏறுகிற ரோடும் இருக்கு. ஆள் நிரம்பின அம்பாசடர் அதில் ஏறும்போது இன்ஜினுக்கு நல்ல லோடு. பலவீனமான பொறி என்றால் அங்கேதான் முதலில் மிஸ்ஸிங் அடிக்கணும். காயில் சூட்டில் போகுது என்றாலும் அங்கேதான் போகணும். அங்கே போகாமல் சமதளத்தில் போகுது என்றால் சமதளத்தில் மட்டும் மாறுகிற ஏதோ ஒன்று இருக்கு. அது என்ன?

வேக்குவம் அட்வான்ஸ்

டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் ஒரு வட்டமான டப்பா இருக்கும், அதிலிருந்து மெல்லிய குழாய் கார்புரேட்டருக்குப் போகும். உள்ளே ஒரு டயாஃப்ரம். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமா மிதித்து நிதானமாகப் போகும்போது குழாயில் வேக்குவம் அதிகம். டயாஃப்ரம் இழுக்கும், பாயிண்ட் உட்கார்ந்திருக்கிற தட்டு சில டிகிரி திரும்பும், பொறி கொஞ்சம் முன்னாடியே விழும், பெட்ரோல் மிச்சம்.

மலை ஏறும்போது ஆக்ஸிலரேட்டர் முழுசா மிதிபடும். வேக்குவம் குறையும். ஸ்பிரிங் தட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். இறங்கும்போதும், ஐடிலிங்கிலும் த்ராட்டில் மூடியிருக்கும். குழாயின் வாய் த்ராட்டில் தகட்டுக்கு மேல் பக்கம் இருப்பதால் அப்போதும் வேக்குவம் வராது. செல்ஃப் அடிக்கும்போதும் அப்படித்தான். ஆக, தட்டு திரும்புவது சமதளத்தில் நிதானமாகப் போகும்போது மட்டும்!

தட்டு திரும்பினால் எது அசையும்? டிஸ்ட்ரிபியூட்டர் வெளி முனையிலிருந்து பாயிண்டுக்குப் போகிற அந்தச் சின்ன வயர். தட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற எர்த் வயர். இரண்டும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் மடங்கி மடங்கி நீள்பவை. பாயிண்ட் செட்டோடு புதுசா வருவதில்லை. மூணு ஷெட்டிலும் மாற்றாமல் விட்டது இதைத்தான்.

இதுவரைக்கும் ஊகம்தான். இன்னொரு புதுப் பொருளை வாங்கி மாட்டுவதற்கு முன் நிரூபிக்கணும். இரண்டு சோதனை பண்ணினோம்.

ஓடும்போது சோதனை. CB-இலிருந்தும் எர்த்திலிருந்தும் இரண்டு நீள வயரை பானெட் இடுக்கு வழியா உள்ளே இழுத்து என் மடியில் மீட்டர். பாயிண்ட் திறக்கும்போது அங்கே சில நூறு வோல்ட் எழும்பும் என்பதால் மீட்டரை 1000 வோல்ட் ரேஞ்சில் வைக்கணும், மறக்காதீங்க. SW-இல் ஒரு டெஸ்ட் லாம்ப், அதுவும் உள்ளே. மாமா அரக்கோணம் ரோட்டில் ஓட்டினார். பாயிண்ட் மூடித் திறப்பதால் மீட்டர் ஏழு, எட்டு என்று ஆடிக்கொண்டே இருந்தது. நாற்பதைத் தாண்டினதும் ஒரு இழுப்பு. லாம்ப் மங்கவே இல்லை. மீட்டர் 13-க்குப் போய் நின்றது. மாமா காலை எடுத்தார், மறுபடி எட்டு.

அர்த்தம் என்ன? லாம்ப் எரிந்தது, அதனால் பேட்டரி, ஸ்விட்ச், வெள்ளை வயர் குற்றவாளி இல்லை. CB-இல் முழு வோல்டேஜ் வந்தது, அதனால் காயில் அறுபடவில்லை, பாதை காயிலுக்கு அப்புறம் அறுபடுது. ஒரே ட்ரிப்பில் சர்க்யூட்டின் பாதிக்கு மேல் சுத்தம்.

நிற்கும்போது சோதனை. ஷெட்டுக்கு வந்து இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, முனையைத் துடைத்து, வாயால் உறிஞ்சணும். நல்ல வண்டியில் பொறி முன்னாடி விழுவதால் இன்ஜின் லேசா வேகம் எடுக்கும். அண்ணா என்னையே உறிஞ்சச் சொன்னார். உறிஞ்சினேன். இன்ஜின் பொட்டென்று நின்றது. குழாயை விட்டு செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட். மறுபடி உறிஞ்சினேன், மறுபடி நின்றது. மூணு வாரம் எங்களை ஏமாற்றிய கோளாறு வாயில் அகப்பட்டது!

கேப்பைக் கழற்றி அந்த வயரைப் பார்த்தால் வெளியே ஒரு குறையும் இல்லை. இரண்டு விரலால் பிடித்து மெதுவா இழுத்தேன். இன்சுலேஷன் மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்து இரண்டு முனையும் தொட்டுக்கொண்டு இருந்திருக்கு. தட்டு பழைய இடத்தில் இருந்தால் தொடும், திரும்பினால் விடும். வாசலில் நின்ற வண்டியில் நான் 0.1 வோல்ட் என்று எழுதினது பொய் இல்லை, அந்த நேரத்து உண்மை.

மாற்று வயர் போடும்போதும் ஒரு விஷயம் இருக்கு. வீட்டு வயரிங்கில் போடுகிற கெட்டி வயர் இங்கே ஆகாது, சில வாரத்தில் மறுபடி முறியும். மெல்லிய இழைகள் நிறைய உள்ள மென்மையான வயர் வேணும். தட்டு முழுசாத் திரும்பினாலும் இழுபடாத நீளம், ஆனால் கேமில் உரசாத வளைவு. எர்த் வயரையும் கூடவே மாற்றினோம். மொத்தச் செலவு நாங்கள் அன்று குடித்த டீக்கும் கீழே. அதற்கு முன் மாற்றிய காயிலுக்கும் மற்றதுக்கும் ஆன செலவை மாமா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

விட்டு விட்டு வரும் கோளாறுக்கு ஒரு வரிசை

எப்போ வருது, எப்போ வரல என்று ஓட்டுகிறவரிடம் கேட்டு எழுதுங்க. "எப்போ வரல" என்பதுதான் முக்கியம். எங்களுக்கு வழி காட்டினது மலை.

சூடானால் வருதா? காயிலையும் கண்டென்சரையும் சூடா இருக்கும்போதே அளங்க. ஆறவிட்டு அளந்தால் ஒன்றும் தெரியாது.

மேடு பள்ளத்தில் வருதா? இன்ஜினை ஓடவிட்டு வயர் கட்டை, ஸ்விட்ச் பின்பக்கம், ஒவ்வொரு ஜாயிண்டாக அசைத்துப் பாருங்க. ஸ்விட்ச் மேல் சந்தேகம் என்றால் பேட்டரியிலிருந்து SW-க்கு ஃப்யூஸ் வைத்து நேரடி வயர் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். அப்போ சாவியைத் திருப்பினால் வண்டி அணையாது, வயரைக் கழற்றினால்தான் அணையும்.

மழையில், பனியில் வருதா? ஹை டென்ஷன் பக்கம். ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்க, பொறி எங்கே தப்பிக்குதோ கண்ணுக்கே தெரியும். கேப்பின் உள்ளே மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் கேப்பை மாற்றுங்க.

நிதானமான வேகத்தில் மட்டும் வருதா? குழாயை உறிஞ்சிப் பாருங்க.

ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்க. நாலைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் என்று தெரியாது, ஆகாவிட்டாலும் தெரியாது.

இதெல்லாம் பழைய வண்டிக்குத்தானே என்று கேட்கலாம். இன்றைக்கு ஸ்கேனரை மாட்டினால் கோடு வரும், சரி. ஆனால் அந்தக் கோடு "இந்த சென்சார் சர்க்யூட்" என்று சொல்லும், "இந்தக் கனெக்டரின் மூணாவது பின் அசைந்தால் விடுது" என்று சொல்லாது. அங்கேயும் கடைசியில் வோல்டேஜ் ட்ராப்தான், அசைத்துப் பார்ப்பதுதான். ப்ராஜெக்டில் உங்க போர்டு டெமோ நேரத்தில் மட்டும் ரீசெட் ஆகுதா? முதலில் கேளுங்க: வீட்டில் மோட்டார் லோடோடு ஓட்டிப் பார்த்தேனா, சும்மா எல்.இ.டி. மட்டும் எரியவிட்டேனா?

ஆடிக் கிருத்திகைக்கு வண்டி ஓடியது. நாலு நாள், காவடி எடுத்தவங்களையும் அவங்க வீட்டுப் பெரியவங்களையும் ஏற்றிக்கொண்டு அரக்கோணம் ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் போய் வந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. எடைக்குப் போடுகிற பேச்சை மாமா அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அறுந்த அந்த வயர் இப்போ என் பென்சில் பாக்ஸில் இருக்கு. லேப்பில் பஸ்ஸர் "பீப்" அடிச்சு "சர்க்யூட் ஓகே" என்று யாராவது சொன்னால் எடுத்துக் காட்டுவேன்.

உங்க வீட்டுப் பழைய வண்டியில் இந்த மாதிரி கோளாறு பார்த்திருந்தால் எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் சார்ஜிங் பக்கம் பார்ப்போம்.